சேதாரம், நூற்று நாற்பது கிராம்

கங்கைகொண்டான் சிப்காட், மூணாம் ஷெட்.
தூத்துக்குடியில் இறங்கிய பெட்டி
ராத்திரியே வந்துவிட்டது.
சீல் உடைத்ததும்
யாரோ குடித்துப் போட்ட பீரின் புளிப்பு
உடைமர வேலி வரைக்கும் போகிறது.

என் பேரேட்டில் நாடுகள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.
போன வருஷம் முதலில் நின்ற அமெரிக்கா
இப்போது மூன்றாவது.
வளைகுடா ஏறுகிறது.
ஜன்னல் சட்டம் குறைந்து
கார் சக்கரம் கூடியிருக்கிறது.
வரி இறங்கும், இறங்கும் என்று
ஜெபத்துரை முதலாளி தினமும் போனில்.

உச்சிமாகாளிக்கு நாடெல்லாம் கணக்கில்லை.
காந்தத்தைக் காட்டுவாள்,
ஒட்டினால் இரும்பு, அந்தப் பக்கம்.
ஒட்டாததைத் தரையில் தட்டிக் காது கொடுப்பாள்.
"இது வார்ப்பு. இது தகடு.
இது சவம், துத்தநாகம் கலந்தது."

லண்டனில் விலை சரிந்த அன்று
பேட்டை பழைய பாத்திரக் கடையில்
இட்லிக் கொப்பரையும் கிலோவுக்கு ஆறு ரூபாய் சரிந்தது.
விற்கப் போயிருந்தவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு வில்லை அகப்பட்டது.
கையகலம். நீல எழுத்தில் 43.
எந்த ஊர்த் தெருவோ.
வீட்டையே இடித்தார்களோ,
கதவை மட்டும் மாற்றினார்களோ.

"எடை போடுங்க சார்" என்றாள்.
இருபத்தெட்டு ரூபாயைச் சில்லறையாக
மேஜையில் அடுக்கினாள்.

புறம்போக்கில் அவள் வீடு.
பஞ்சாயத்து இன்னும் எண் தரவில்லை.
தெருவில் மொத்தமே பதினோரு கதவு.

சில்லறையைத் திருப்பித் தள்ளிவிட்டு
பேரேட்டில் எழுதினேன்:
சேதாரம், 140.

நேற்று சிலிண்டர்காரன் கேட்டானாம்,
மீதி முப்பத்திரண்டு வீடும் எங்கே என்று.
"கப்பல்ல வருதுல்லா" என்றாளாம்.