உப்புக்கு முந்தைய பக்கங்கள்

பர்க்கா ஆலையில் இரவு ஷிப்ட்.
கடல் உள்ளே வரும், குடிநீர் வெளியே போகும்.
நடுவில் மிஞ்சுவதற்கு நாங்கள் பொறுப்பு.

மாசில்லாமணி அண்ணன்
மீட்டர் தாள்களின் பின்பக்கத்தில்
நாவல் எழுதினார்,
திரும்பிப் பார்த்து உப்பானவளைப் பற்றி.

"வேதத்துல அவளுக்கு ஒரே வசனந்தான்டே.
எனக்கு இருநூறு பக்கம் வேணும்."
அறுபதாம் பக்கத்திலும்
அவள் மாவுதான் பிசைந்துகொண்டிருந்தாள்.

பெயர் வைக்கவில்லையே என்றேன்.
கர்த்தர் வைக்காததை நான் வைக்கவா என்றார்.
அடுத்த வாரத் தாளில்
பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கூப்பிடுகிறாள்;
கூப்பிட்ட சொல்லின்மேல் மட்டும்
எண்ணெய்க் கறை.
மீன் பொரிச்சது என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து
போதகர் திருப்பிக் கொடுத்தார்.
ஓரத்தில் பென்சிலில்: கீழ்ப்படியாமை எங்கே?

இரண்டு நாள் அண்ணன் பேசவில்லை.

நான்தான் சொன்னேன்,
ஊரிலிருந்து கிளம்பிய அன்று
பூட்டை இழுத்துப் பார்க்க
மூன்று முறை திரும்பினேன்,
எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று.
எழுபத்தோராம் பக்கத்தில்
அந்தப் பூட்டு வந்துவிட்டது.
மூன்று முறையும்.
அவள் கையில், என் சாவியோடு.

நேற்று மூன்றாம் பம்பு நின்றுபோனது.
குழாயைக் கழற்றி
உள்ளே இறுகிக் கிடந்ததைச் சுரண்டினோம்,
விரல்தடிமன், வெள்ளை வெளேர்.
அண்ணன் ஒரு சிட்டிகை
நாக்கில் வைத்துக்கொண்டு
கண்மூடி நின்றார்.

துப்பினார்.

"இவ இல்ல."

நான் அழுத்தம் குறித்த தாளைக் கேட்டு வாங்கி
பின்பக்கம் காலியா என்று பார்த்தார்.