நாய்விடு தூது

"உங்கப்பாகிட்ட சொல்லு, சூப் ஆறுது."
அப்பா மூன்றடி தள்ளி
செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார்.
"உங்கம்மாகிட்ட சொல்லு, காதில் விழுந்தது."
டுலூத் நகரில், ஏரி பார்த்த வீட்டில்
ஏழு வயதில் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

சொன்னதை அப்படியே சொன்னதில்லை நான்.
முனை மழுக்கிக் கொடுப்பேன்.
மழுங்காத துண்டுகள் வயிற்றில் தங்கின.
ஞாயிறுதோறும் வலி.
டாக்டர் லிண்ட்க்விஸ்ட் அமுக்கிப் பார்த்து
ஒன்றுமில்லை என்றார்.
அந்த ஒன்றுமில்லைக்காக
இருவரும் ஒரே காரில் வந்திருந்தார்கள்.
நான் பார்த்த அவர்களின் தேன்நிலவு அதுதான்.

பதினெட்டில் கிளம்பினேன்,
ஏரியில்லாத ஊராகப் பார்த்து, ஆல்புகர்க்கி.
ஆறு வருஷம் போனை எடுக்கவில்லை.
வயிறு மட்டும் ஞாயிற்றுக்கிழமையை மறக்கவில்லை.

அங்கே ரெனாட்டா என்றொரு பெண்மணி
அப்பாவுக்குச் சதுரம், அம்மாவுக்கு வட்டம் போட்டு
நடுவே கோடிழுக்கப் போனாள்.
பென்சிலை வாங்கி
கோட்டை என் வழியாக வளைத்தேன்.
"இரண்டு கால் ஸ்டூல் நிற்காது.
மூன்றாவதாக யாரையாவது இழுத்துக்கொள்ளும்" என்றாள்.
சதுரத்துக்கு மேல் இன்னொரு சதுரம்: தாத்தா அர்விட்,
ஒரு படகுக்காக அண்ணனோடு
முப்பது வருஷம் பேசாதவர்.
"நீ போனபிறகு அந்த வேலைக்கு யார் வந்தது?"

தம்பி டோர்ஸ்டன்.
அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.
நகம் கடித்து ரத்தம் பார்த்தவன்,
இப்போது தாதுக் கப்பலில்.
கரைக்கு வருவதே அபூர்வம்.

மார்ச்சில் வீட்டுக்குப் போனேன்.
"மோசஸ், அவர்கிட்ட சொல்லு,
மாத்திரைக்கு நேரமாச்சு."
மோசஸ் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில்
வாலை ஒடுக்கிப் படுத்திருந்தது.
தின்றது தங்குவதில்லையாம்.
கால்நடை மருத்துவர் ஒன்றுமில்லை என்றாராம்.
இருவரும் ஒரே காரில் போய்வந்தார்களாம்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

இரவுச் சாப்பாட்டில்,
"சிக்னே, உங்கம்மாகிட்ட சொல்லு, உப்பு..."
"அம்மா இங்கேதான் இருக்காங்க, அப்பா."
குரலை உயர்த்தவில்லை.
எழுந்து போகவும் இல்லை. அதுதான் கஷ்டம்.
வெளியே பனிக்கட்டி விரிகிற சத்தம் கேட்டது.
அப்பா உப்பைப் பார்த்தார்,
பிறகு நாயைப் பார்த்தார்.
அது தூங்கிக்கொண்டிருந்தது.

"லோர்னா," என்றார்,
துருப்பிடித்த மூடியைத் திருகுகிறவர்போல.
"உப்பு."

அம்மா தள்ளினாள்.
கொஞ்சம் வேகமாகத்தான்.