பதினேழாவது கிலோமீட்டரில் ரயில்

நெஞ்சில் குத்திய அட்டையில்
பத்து ஆங்கில எழுத்துக்குத்தான் இடம் என்றார்கள்.
மங்கையர்க்கரசி என்ற நான்
'மங்கையர்க்' வரை வந்து நின்றேன்.
அரசிக்கு இடமில்லை.
அதையும் படித்து முடிக்கப் பொறுமையில்லாத ஊர்
சாலையோரம் நாற்காலி போட்டுக் கத்தியது:
'மேங்கோ! விடாதே மேங்கோ!'
விடவில்லை.
பிராண்டனில் விளையாத பழம் ஒன்று
பதினெட்டாம் தெருவில்
வியர்த்துக்கொண்டே போயிற்று.

மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
பதினொரு வருஷமாய் இதே தெருக்களில்
ஓட்டியிருக்கிறேன், ஓடியதில்லை.
ஓட்டு என்பதில் ஒரு 'ட்' குறைந்தால்
தட்டையான ஊரும் எவ்வளவு மேடாகிவிடுகிறது!
ஆற்றுப் பாலத்தில் ஓர் ஏற்றம் இருப்பதை
எனக்கு முன் கண்டுபிடித்தது
என் இடது முழங்கால்.

'அரைதானா?' என்று கேட்டார்
டிப்போவில் கோர்டன்.
அரைதான்.
தொடையும் தொடையும் அரைக்குமென்று
வாஸலின் அப்பிக்கொண்டு புறப்பட்ட அரை.
இருபத்தொரு கிலோமீட்டர்,
அப்புறம் கொசுறாகத் தொண்ணூற்றேழு மீட்டர்.
அந்தக் கொசுறில்தான் ஆட்கள் அழுகிறார்கள்.

இரண்டு ஐம்பதுக்குள் முடிக்க வேண்டும்.
யாரும் கேட்கவில்லை.
ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்தொன்றில்,
நிலவறையில் டிரெட்மில்லின் மேல்
துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தபடி
நானே எனக்கு வைத்த கெடு.

பதினேழில் மணி அடித்தது.
சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண்ணடிக்க
குறுக்குக் கம்பு இறங்கியது.
முந்திப் போனவர்கள் போய்விட்டார்கள்.
இந்தப் பக்கம் நாங்கள் ஏழு பேர், கடைசிக் கூட்டம்.
எங்கள் முதுகுக்குப் பின்னால்
சாலைக் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த லாரி.
அதுவும் நின்றது.

கோதுமைப் பெட்டி. கோதுமைப் பெட்டி. பொட்டாஷ்.
எண்ணெய். மறுபடி கோதுமை.
பல் ஆஸ்பத்திரி வரவேற்பாளர் ஒக்ஸானா
விளக்குக் கம்பத்தைத் தள்ளுவதுபோல் நின்று
கெண்டைக்காலை இழுத்தாள்.
பன்றி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த வில்மர்
பாதி பிதுக்கிய ஜெல்லை நீட்டினான்.
எலுமிச்சை, உப்பு, கோந்து.
'கடிகாரத்தை நிறுத்துங்கள்' என்றார் ஒரு பெரியவர்.
'நிறுத்தினால் அது ஏமாற்று' என்றாள் ஒக்ஸானா.
ரயில் இதில் தலையிடவில்லை.

என் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.
அமுக்கவில்லை.
நேர்மையெல்லாம் இல்லை, பழக்கம்.
என் கால அட்டவணையில் தண்டவாளத்துக்கும் பங்குண்டு:
நிறுத்து, கதவைத் திற,
இடப்பக்கம் கேள், வலப்பக்கம் கேள்.
நூற்றுப் பதினெட்டுப் பெட்டி வரை எண்ணினேன்.
பிறகு எண்ணுகிற இடத்துக்கே
மரமரப்பு ஏறிவிட்டது.

கம்பு ஏறியது.
கால் ஏறவில்லை.

இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் ஏழு நொடி.
பதக்கம் போட்டுவிட்ட சிறுமி
ஒரு கையில் தர்பூசணி வைத்திருந்தாள்.
நாடா கழுத்தில் ஒட்டிக்கொண்டது.
இளம்பரிதி கோயம்புத்தூருக்குப் போன் போட்டு
'ரயிலைக் கழித்தால் இரண்டு நாற்பத்தேழு' என்றார்.
ஈரோட்டுக்குப் போட்டு மறுபடி கழித்தார்.
நான் கழிக்கவில்லை.
அத்தனை தூரத்தில் ஒழுங்காக மூச்சு விட்டது
அங்கே மட்டும்தான்.

திங்கட்கிழமை
வீட்டுப் படியில் நண்டாய் இறங்கினேன்.
பெருவிரல் நகம் கத்தரிக்காய் நிறம்.
பேருந்துப் படியில் ஏறியதைச் சொல்வதற்கில்லை.

அதே தண்டவாளம்.
நிறுத்தினேன். கதவைத் திறந்தேன்.
இடப்பக்கம் கேட்டேன், வலப்பக்கம் கேட்டேன்.
புல்லில் ஏதோ பூச்சி.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்:
'ரயில் இல்லையே மேங்கோ, போகலாமே?'

இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
முழங்கால் சம்மதித்த பிறகு
பிரேக்கை விட்டேன்.