என் பங்கு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு.
ஓந்தாச்சிமடத்துக் கல்வீடு அக்காவுக்கு எழுதியாயிற்று,
தென்னங்காணி தங்கைக்கு.
எனக்கு இது:
எண்பத்தாறாம் ஆண்டு டீசல் ஜெமினி.
ஒரு பக்கக் கண்ணாடிதான் இறங்கும்.
மழை பிடித்தால் ஹோர்ன் தன்பாட்டில் அடிக்கும்.

களுவாஞ்சிகுடியில் மனைவி வீட்டு வளவுக்குள்
லான்ட்மாஸ்டரில் கட்டி இழுத்து வந்த அன்று
"மாப்பிள சீதனத்தோட வாறார்" என்று
வேலிக்கு அப்பாலிருந்து புவனேசன் சிரித்தான்.
மாமி சிரிக்கவில்லை.
விடிய விடிய அவர் கூட்டுகிற வெள்ளை மணலில்
மறுநாளே ஒரு கறுப்பு வட்டம்.
அதற்கடுத்த நாள் இரண்டு.

கல்முனைக் கராஜில் ஜெஸீல் பாஸ்
பொனெற்றுக்குள் தலையை விட்டு
வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.
பிறகு காதிலிருந்த பேனையை எடுத்து
சிகரெட் பெட்டி மட்டையில் எழுதினார்:
இஞ்செக்டர் நாலு.
பம்ப் கண்டிக்குப் போகவேணும்.
ஹெட்டில் மயிரளவு வெடிப்பு, லேத்துக்கு.
கிராங் சீல், பஞ்சிகாவத்தையில் கிடந்தால் உண்டு.
ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே எழுதியதை
வாயால் சொல்லாமல்
டாக்குத்தர் எக்ஸ்றேயைத் திருப்புவதுபோல
மட்டையைத் திருப்பிக் காட்டினார்.

மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற எனக்கு
ஐந்து மாதம் உண்ணாமல் உடுக்காமல்.
"வித்தா என்ன வரும் பாஸ்?"
"இரும்புக் கணக்குத்தான் தம்பி. கிலோவுக்கு."
சத்தமாகக் கேட்டுவிட்டேனோ என்று
காரைத் திரும்பிப் பார்த்தேன்.
முன்விளக்கு இரண்டும் மங்கல்.
அதன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பின் சீற்றைத் தூக்கப் போனவர் நின்றார்.
போல்ற் நாலும் தலை மழுங்கி
உருண்டையாய்க் கிடந்தன.
"ஆரு இத இத்தன தரம் கழட்டின?"

ஆரென்று சொல்ல.
கல்லடியில், கிரானில்,
மணல்மூட்டை அடுக்கிய ஒவ்வொரு முடக்கிலும்
அப்பா ஸ்பானரோடு இறங்குவார்.
அவர்கள் கழற்றினால் றெக்சின் கிழியுமென்று
தானே கழற்றிக் காட்டி,
தானே பூட்டிக்கொண்டு வருவார்.

"புதிசு போடவா?"
"பழையதே கிடக்கட்டும்."
காசைப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.
அதுவும்தான்.

சங்கத்தில் கடன். மனைவியின் சீட்டு.
அக்கா இருபதாயிரம் தந்து
இருபது தரம் விசாரித்தாள்.
தங்கை ஒன்றும் சொல்லாமல்
சாக்கில் ஐம்பது தேங்காய் அனுப்பினாள்.
சம்பளம் வர இஞ்செக்டர், மறு சம்பளம் வர ஹெட்.
சாக்குச் சுற்றிய பம்ப்
தனியே பஸ்ஸேறிக் கண்டி பார்த்து வந்தது.
கொண்டக்டர் அதற்கும் ரிக்கற் வெட்டினான்.
சீல் மட்டும் வரவில்லை.
ஒவ்வொரு தவணைக்கும் கார் வீடு வந்து
அதே இடத்தில் நின்று ஒழுகியது.

மாமி ஒன்றும் கேட்கவில்லை.
நெளிந்த தாச்சியொன்றை அதன் வயிற்றடியில் வைத்தார்.
விடிய எடுத்து பால்மா டின்னில் ஊற்றினார்.
ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுகிற அந்தக் கவனம்
எனக்குச் சொல்கிற வசைதான் என்று
கிணற்றடிப் பக்கமாகவே சுற்றிப் போய்வந்தேன்.

மாசியில் வந்தது சீல்,
என் சின்னவிரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
அன்றிரவு நித்திரை இல்லை.
விடிந்தும் விடியாமல் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
தாச்சி காய்ந்து கிடந்தது.
மணல், மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வெள்ளை.

"மாமி, வந்து பாருங்க!"

வந்தார். ஒரு கையில் டின், மறு கையில்
தும்பு கட்டிய ஈர்க்குச்சி.
குனிந்து தாச்சிக்குள் பார்த்தார்.
அப்போதுதான் நான் தெற்கு வேலியைப் பார்த்தேன்.
பதினாறு கட்டையும்
அடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கறுப்பு பூசி,
ஒன்றிலும் கறையான் ஏறாமல்.

"அப்ப மனே," என்றார் மாமி,
"வடக்கு வேலிக்கு என்ன செய்யிற?"