ஐவர்

படிவம் வந்து ஒன்பது நாளாகிறது.
ரொட்டி டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே
செருகி வைத்திருக்கிறேன்.
இரண்டே கட்டம்:
இந்த ஆகஸ்ட். அடுத்த ஆகஸ்ட்.
ஒன்றில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி இருபத்தேழில் பிறந்தான் ஐவர்.
இரண்டு நாள் பொறுத்திருந்தால்
இந்தக் கேள்வியே இல்லை.
பொறுக்கவில்லை. புயலில் படகு நின்றுபோய்
ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள் என்னை.
அப்படி அவசரப்பட்டு வந்தவன்
அதன் பிறகு எதற்கும் அவசரப்பட்டதில்லை.
ஒரு காலுறை மாட்ட அரை மணி நேரம்.

ஆர்க்னியின் வடகோடியில், எங்கள் தீவில்,
ஆட்கள் அறுபத்திரண்டு.
ஆடுகளை யாரும் எண்ணுவதில்லை.
பள்ளியில் நால்வர்.
இவன் போனால் ஐவர்.
போகாவிட்டால் மறுபரிசீலனை
என்கிறது கவுன்சில் கடிதம்.
அந்தச் சொல்லுக்குப் பூட்டு என்று அர்த்தம்.
எல்லோருக்கும் தெரியும்; யாரும் என்னிடம் பேசவில்லை.
கடைக்கார ஹால்க்ரோ மட்டும்
பாலை நீட்டியபடி
"பையன் வளர்ந்துட்டானே" என்றார்.
பால் விலையை விடக் கூடுதலாக இருந்தது அது.

சால்மன் பண்ணையிலிருந்து இவன் அப்பா
போனில் சொன்னது: "உன் இஷ்டம்."
இஷ்டமா இது?
சட்டை என்றால் ஓர் அளவு பெரிதாக எடுத்துக்
கையை மடித்துவிடலாம்.
பள்ளியை எங்கே மடிப்பது?

அவனுக்கு என்ன தெரியும்?
சத்தம் வரும் முன்பே விமானம் வருவது தெரியும்.
விமானம் இறங்கும் நாட்களில்
தீவின் தீயணைப்புப் படையில் பாதி நான்.
தலைக்கவசத்தோடு ஓடுபாதை ஓரம் நிற்பேன்;
வண்டிக்குள் இருந்து அவன்
இறங்குபவர்களை எண்ணுவான்.
ஏழுக்குப் பிறகு பதினொன்று.
அத்தனை இரைச்சலுக்கும் இமை கொட்டமாட்டான்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
பென்சில் பிடித்தான். மீனுக்குக் கால் வரைந்தான்.
கழிப்பறையில்
கை உலர்த்தும் இயந்திரம் உறுமியதும்
ஈரக் கையோடு ஓடினான்,
மைதானம் தாண்டி, ஆட்டுப் படல் தாண்டி,
கடல் வந்து நிறுத்தும் வரை.

நேற்றிரவு பேனாவை எடுத்தேன்.
ஒரு பள்ளிக்கு முட்டுக் கொடுக்க
பதினைந்து கிலோ பையன் போதுமா?
இவனைப் பிடித்து வைத்துக்கொண்டால்
அடுத்த வருடம் எந்தக் கதவுக்கு அனுப்புவேன்?
காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டே இருந்தது.
பக்கத்தில் படுத்திருந்தவன் தூக்கத்தில்
என் காதைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.
அடுத்த ஆகஸ்டில் டிக் போட்டேன்.
மை காய்வதற்குள் உறையை ஒட்டினேன்.

காலையில் ஆசிரியை ரெண்டலிடம்
நானே போய்ச் சொன்னேன்,
தபாலில் தெரிய வேண்டாம் என்று.
"சரி" என்றார். மேசையைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே
இன்னொரு முறை துடைத்தார்.

பத்து நாள் கழித்து ஊர்க்கூட்டம்.
எங்களுக்கு அதற்கும் பள்ளிதான் இடம்.
கழிப்பறைச் சுவரில் இயந்திரம் இல்லை.
திருகாணி இருந்த நான்கு துளைகள்,
பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி,
அதில் நீலக்கோடு போட்ட துண்டு.
அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
கூடத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம்.

ஐவர் கையைத் துடைத்தான்.
திரும்பக் குழாயைத் திறந்தான்.
நனைத்துக்கொண்டு வந்து
மறுபடியும் துடைத்தான்.