கேள்வி எண் முப்பத்தொன்று

ஒரு காலத்தில் மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இருந்தது.
இப்போது அந்தக் குழியில் புறாக்கள் குடியிருக்கின்றன.
அவை எந்தப் படிவத்திலும் வராது.

நான் கணக்கெடுக்க வருகிறவள்.
கையில் அரசு கொடுத்த டேப்லெட்,
காலில் தங்கையின் பூட்ஸ், ஒரு அளவு பெரியது.
மணியடித்ததும் உள்ளே எதையோ இழுக்கும் சத்தம் கேட்கும்,
அநேகமாக எல்லா வீட்டிலும்.
காபி அரைக்கும் மெஷின், நல்ல கம்பளம்,
இத்தாலியிலிருந்து வந்த இஸ்திரிப்பெட்டி
கட்டிலுக்கடியில் போய்ச் சேரும்வரை
கால்மிதியில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே நிற்பேன்.
அவ்வளவு நேரம் துடைக்க அதில் சேறு இருக்காது.

நாசிப்ரோலா வீட்டில் அந்தச் சத்தமில்லை.
இழுக்க முடியாததுதான் அவர்களிடம் இருந்தது.

குளிர்சாதனப் பெட்டி?
இருக்கிறது.
ஓடுமா?
ஓடாது. எலிக்குப் பயந்து மாவை அதில் வைக்கிறோம்.
ஓடுமா என்று படிவம் கேட்கவில்லை,
நான்தான் கேட்டேன்.

பக்கத்து அறையில் அவ்தந்தில் இருமினார்.
இருபத்திரண்டு வருட நிலக்கரி, அவசரமில்லாமல் வெளியே வருகிறது.
இருமலுக்கும் ஒரு கட்டம் உண்டு,
அதை நிரப்பச் சான்றிதழ் வேண்டும்,
சான்றிதழ் குட்டாயிசியில், டாக்டர் வியாழன் மட்டும்.

முப்பத்தொன்று: இசைக்கருவி.

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது,
பெலாருஸ் பியானோ.
மகளுக்கு ஏழு வயதானபோது
எட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் கயிறு கட்டித் தூக்கி வந்தார்களாம்,
கூலி ஒரு குடம் வைன்,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவர் பெயர்ந்தது இன்னும் தெரியும்.
மகள் இப்போது பாரி நகரத்தில்
யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டுகிறாள்.

விற்றுவிடலாமே என்றேன். என் வேலையில்லை, இருந்தும் சொன்னேன்.
"யாரிடம்?" என்று சிரித்தாள்.
"இந்தக் கட்டடத்திலேயே இன்னும் நாலு நிற்கிறது."

'ஆம்' என்பதைத் தொட்டேன்.

மிச்சத்தைத் திபிலிசியில் ஒரு கணினி கூட்டும்.
சூத்திரத்தை எங்களிடம் சொல்வதில்லை,
தெரிந்தால் இரங்கிவிடுவோமாம்.
ஆறு வாரம் கழித்துக் கடிதம் போனது:
வரம்புக்கு மேலே, கொஞ்சம்தான் மேலே.
அந்த வீட்டின் வறுமை போதவில்லை.

மறுவருடம் போனேன்.
சுவரில் ஒரு வெளிர்ந்த செவ்வகம்,
லினோலியத்தில் நாலு பள்ளம்.
முப்பத்தொன்று என்று ஆரம்பிக்குமுன்பே
இல்லை என்றாள்.

ஜனவரியில் மூடி. பிப்ரவரியில் பக்கப் பலகைகள்.
வார்னிஷ் புகை அவருக்கு ஆகவில்லை,
ஜன்னலைத் திறந்துவைத்து எரித்தார்கள்,
அப்புறம் எதற்கு எரித்தோம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.
கட்டைகள் பிளாஸ்டிக், அடுப்பில் ஒட்டிக்கொண்டன.
கம்பிகளை மட்டும் பால்கனிக்கும் எதிர்க்கட்டடத்துக்கும் நடுவே
முறுக்கிக் கட்டியிருந்தாள், துணி காய.
காற்றில் அது பாடுகிறதா என்று கேட்காதீர்கள்.
ஈரப் போர்வை பாடாது.

யானைக்குச் சொல்வார்கள்,
இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
இதற்கு இறந்தால் மட்டும்.

உதவித்தொகை வந்துவிட்டது.
முதல் மாதப் பணத்தில் என்ன வாங்கினாய் என்று
படிகளில் பார்த்தபோது கேட்டேன்.
விறகு என்றாள்.

என் வீட்டிலும் ஒன்று நிற்கிறது,
மேலே அப்பாவின் படமும் வெங்காயக் கூடையும்.
சம்பளக்காரி என்பதால் எனக்கு இதுவரை படிவமில்லை.
ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது.
நேற்று அதன் மூடியைத் தட்டிப் பார்த்தேன்,
கனமான மரம், மார்ச் வரை வரும்.
பிறகு கையை எடுத்துவிட்டேன்.

சந்தைக்குப் போய்
வாசலுக்கு ஒரு கால்மிதி வாங்கினேன்,
இருந்ததிலேயே பெரியது.