செல்லுபடி

முந்நூற்று முப்பத்தைந்து வாக்கியங்கள்.
உண்மை, அல்லது பொய். இடையில் கட்டமில்லை.
தண்டர் பே நகரில், பிப்ரவரியில்,
காப்பீட்டு நிறுவனம் மணிக்கணக்கில் கூலி தரும் என் அறையில்
ஹில்க்கா நியெமெலா அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்றார்.
நின்றதையும் குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருடம்.
ஈரப் போர்வை வண்டி சாய்ந்த அன்று
இடுப்பில் ஏதோ நகர்ந்ததாம்.
முதல் மருத்துவரின் தாளில் வலி பத்துக்கு நான்கு.
இரண்டாமவரிடம் ஆறு.
ஐந்தாமவரிடம் ஒன்பது.
என்னிடம் பதினொன்று என்றார்.
பத்தோடு முடிகிறது என்றேன்.
"தெரியும்," என்றார்.

இந்தத் தேர்வு வலியை அளப்பதில்லை,
வலியைச் சொல்பவரை அளக்கிறது.
யாருக்கும் வராத நோய்களை நடுநடுவே
எலிப்பொறியில் வடை போல வைத்திருக்கிறோம்:
உப்பைத் தொட்டால் காது அடைக்கிறது.
வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பல் மரக்கிறது.
உண்மை, உண்மை, உண்மை.
பென்சிலை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் தடம்.

அழுதால்தான் பால் என்று ஆறு வருடம் பழக்கிவிட்டு
அழுகை எத்தனை டெசிபல் என்று கேட்கிறோம்.
இதை அறிக்கையில் எழுத முடியாது.
அதற்கும் கட்டமில்லை.

எல்லைக்கோடு எண்பதில். அவர் தொட்டது நூற்றெட்டு.

அவர் போனதும் ஜன்னலுக்கு வந்தேன், காபி ஆறட்டும் என்று.
இல்லை, காபிக்காக இல்லை.
கீழே கார்களுக்கிடையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.
சிவப்புக் கையுறை ஒன்று விழுந்தது.
குனியவில்லை.
காலால் அதைச் சக்கரம் வரை தள்ளினார்,
கதவைப் பிடித்துக்கொண்டு அரை அடி இறங்கினார்,
நின்றார்.
பிறகு ஒரு வெறுங்கையோடு ஓட்டிப் போய்விட்டார்.
மைனஸ் இருபத்தாறு.

ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.
பார்க்கப்படுவது தெரிந்தவர்களும் மேலே பார்ப்பதில்லை;
என் படிப்பு அதையும் சொல்லித் தந்திருக்கிறது.

"மிகைப்படுத்தல் இருக்கக்கூடும்" என்று தட்டினேன்.
"வலி இல்லை என்பது இதன் பொருளல்ல" என்று அடுத்த வரி.
எந்த வரியை வெட்டியெடுத்துப் போவார்கள் என்பது
எனக்குத் தெரியாததல்ல.

மாலையில் இறங்கிப் போய்
கையுறையை எடுக்கக் குனிந்தேன்,
எவ்வளவு சுலபமாக.
அது ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.